‘ஈரக் கம்பளி’யும் ‘கழுதைச் சந்தை’யும்

யோகேஸ்வரனுக்கு விக்னராஜாமேல் பொறாமை வருவதற்கு ஐரிஷ் இசை தேவைப்படவில்லை. அதற்கு முன்பே போதிய சரக்கு கையிருப்பில் இருந்தது. இருவரும் யாழ்ப்பாணத்தார், கங்காரு நாட்டுக்கு வந்து குடியேறிய வெரிபீயில் அடுத்தடுத்த வீடு. விக்னராஜாவின் முற்றத்துப் புல் கோடையிலும் பச்சையாக இருந்தது. அவருடைய ஹோல்டன் கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. அவர் வாங்கிய ஸ்டீரியோவின் இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்று அவர் வீட்டைப் பார்த்தும் மற்றது யோகேஸ்வரன் வீட்டைப் பார்த்தும் வைக்கப்பட்டிருந்தது. 1976இல் அந்தத் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் வேறு யாரும் இல்லை. ஆகவே ஓர் ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பொறாமையை இரண்டு பேரே சுமக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் யோகேஸ்வரன் தன் பக்கத்துத் தராசே கனத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் ‘ஈரக் கம்பளி’ இருந்தது.

அது மேவ் கானகன் என்ற ஐரிஷ் பெண் பாடிய இசைத்தட்டு. மனைவி வந்து சேர்வதற்கு முந்திய குளிர்காலத்தில் அவர் ஃபுட்ஸ்க்ரேயில் ஓர் ஐரிஷ் விதவையின் வீட்டில் அறை எடுத்திருந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா அதைப் போடுவார். வாத்தியம் எதுவும் கிடையாது, வெறும் குரல். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் அந்தப் பெண் மூச்செடுப்பது கேட்கும். பாட்டுக்காக அல்ல, அந்த மூச்சுக்காகத்தான் யோகேஸ்வரன் தட்டின்மேல் ஆசைப்பட்டார். விதவை பெர்த்துக்கு மகளிடம் புறப்பட்டபோது இவர் பேரம் பேசினார். அம்மா காசு வேண்டாம் என்றார். பின்வளவில் பட்டுப்போன எலுமிச்சையின் வேரைத் தோண்டித் தந்தால் போதும் என்றார். அப்படித் தோண்டிப் பெற்ற தட்டு அது.

அவர் மனைவி சந்திரவதனாவுக்கு அந்தத் தட்டைக் கண்ணிலே காட்டக் கூடாது. உறையில் மேவ் கானகன் சிவந்த கூந்தலும் வெறுங்காலுமாகப் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு செம்மறியாடு.

"அவ மூச்சு விடுறதை ஏனப்பா இப்பிடி வாயைப் பிளந்து கேக்கிறியள்?" என்பாள் சந்திரவதனா. "நானும் விடியத் துவக்கம் உந்தக் குசினிக்கை மூச்சு விட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

இந்த நிலையில்தான் விக்னராஜாவும் ஓர் ஐரிஷ் இசைத்தட்டு வாங்கினார். மல்டூன் சகோதரர்களின் ‘கழுதைச் சந்தை’. பிடில், குழல், தோற்பறை, நடுநடுவே ஒருவன் போடும் கூச்சல். இரண்டாவது ஒலிபெருக்கி தன் கடமையைச் செய்தது. அதைக்கூட யோகேஸ்வரன் பொறுத்துக்கொண்டார். அடுத்த வாரம் வேலிக்கு மேலால் வந்த செய்தியைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஐசே, என்னை வாரியத்துக்கு எடுத்துப்போட்டினம்."

"எந்த வாரியம்?"

"ஐரிஷ் இசைத்தட்டு மேன்மை வாரியம். ஐரிஷ் தட்டுகளுக்கை எது எது சிறந்தது எண்டு தீர்மானிக்கிற ஆக்கள்."

"உமக்கும் அயர்லாந்துக்கும் என்ன காணும் சம்பந்தம்?"

"பள்ளிக்கூடத்தில எனக்கு அடிச்ச பாதிரியார் ஐரிஷ்காரர். கோர்க் பக்கமாம். அதைச் சொன்ன உடனை தலைவர் எழும்பி நிண்டு கை தந்தவர்."

யோகேஸ்வரனும் அடி வாங்கியவர்தான். அளவிலும் தரத்திலும் குறைவில்லாத அடி. ஆனால் அடித்தவர் கொக்குவிலைச் சேர்ந்த கணக்கு வாத்தியார். அந்தப் பிரம்புக்கு வெளிநாட்டில் செலாவணி இல்லை என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமையே ரயில் ஏறி ஃபுட்ஸ்க்ரேக்குப் போனார். ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் வாரியம் கூடும். தலைவர் மிஸ்டர் ஓ'ஹலோரனும் செயலாளர் மிஸஸ் டூலனும் அவரை நேர்முகம் கண்டார்கள்.

"ஐரிஷ் மூதாதையர் உண்டா?" என்று மிஸஸ் டூலன் கேட்டார்.

"இல்லை."

"ஐரிஷ் மனைவி?"

"யாழ்ப்பாணத்து மனைவி."

"ஐரிஷ்காரர் யாராவது உங்களை அடித்திருக்கிறாரா?"

"சந்தர்ப்பம் வாய்க்கவில்லை," என்றார் யோகேஸ்வரன், உண்மையான வருத்தத்துடன். "நீங்கள் அயர்லாந்துக்கு அடிக்கடி போய்வருவீர்களா, ஐயா?"

தலைவரின் முகம் சுருங்கியது. "நான் அயர்லாந்தைப் பார்த்ததில்லை. என் தகப்பனாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்களை இந்த வாரியத்தில் நாங்கள் சேர்ப்பதும் இல்லை. அவர்கள் வாயைத் திறந்தாலே ‘அங்கே அப்படி இல்லை’ என்று தொடங்கிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் ஒரு தரத்தை எப்படிக் காப்பாற்றுவது?"

இருவரும் சற்று நேரம் குசுகுசுத்தார்கள். விக்னராஜா ‘தொடர்புள்ள வெளியார்’ என்ற பதவியில் இருந்தார். அவரைச் சமன் செய்ய ஒரு ‘தொடர்பே இல்லாத வெளியார்’ வேண்டும் என்று முடிவாயிற்று. உலகத்தில் அந்தத் தகுதி உடையவர்கள் பல கோடிப் பேர் இருந்தாலும், மண்டபத்தில் அப்போது நின்றவர் யோகேஸ்வரன் ஒருவரே.

முதல் கூட்டத்தில் அவர் கவனித்தது, அங்கே இசைத்தட்டு போடும் இயந்திரம் இல்லை என்பதை. பக்கத்தில் இருந்த விக்னராஜாவிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. ஆகவே எழுந்து தலைவரிடமே கேட்டார்: "ஐயா, தட்டுகளை எப்போது கேட்போம்?"

மண்டபம் அதிர்ந்தது. ஒரு கிழவர் தேநீரைச் சிந்தினார்.

"புதியவர், மன்னிப்போம்," என்றார் தலைவர். "நண்பரே, கேட்பதை யாரும் செய்யலாம். அதற்கு ஒரு வாரியம் எதற்கு? தொடக்க காலத்தில் நாங்களும் அந்தத் தவறைச் செய்தோம். ஒரு தட்டைப் போட்டோம். பொருளாளர் அழுதார். உபதலைவர் எழுந்து ஆடினார். அன்றைக்கு ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை. இசை, தீர்ப்புக்கு இடைஞ்சல். அன்றிலிருந்து தட்டுகளை நாங்கள் உறையை வைத்தும், பாடகர் பிறந்த இடத்தை வைத்தும், உறுப்பினர்களின் கண்ணியத்தை வைத்தும் மட்டுமே எடைபோடுகிறோம்."

மேன்மைப் பட்டியலில் அந்த ஆண்டு ஒரே ஓர் இடம்தான் திறந்தது. விக்னராஜா ‘கழுதைச் சந்தை’யை முன்மொழிந்தார். அவர் உட்காருவதற்குள் யோகேஸ்வரன் எழுந்து ‘ஈரக் கம்பளி’யை முன்மொழிந்தார். அதற்கு முந்திய கணம்வரை அவருக்கு அப்படி ஓர் எண்ணமே இருக்கவில்லை. உட்கார்ந்த பிறகு, அந்தத் தட்டு வெல்லாவிட்டால் தான் வெரிபீயில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது.

வாரியத்தின் உறுப்பினர்கள் இரண்டு கட்சி. கோர்க்கில் பிறந்த பாட்டனார்களின் பேரர்கள் ஒரு பக்கம். கால்வேயில் பிறந்த பாட்டனார்களின் பேரர்கள் மறுபக்கம். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள். இங்கே அதைத் தேநீர் இடைவேளையில், பிஸ்கட் தட்டுக்குமேல் குனிந்து செய்தார்கள். உன் குழலை நான் விழுங்குகிறேன், என் யாழை நீ விழுங்கு என்று பேச்சு நடந்தது. ‘கழுதைச் சந்தை’க்கு அதில் பெரிய அனுகூலம். மல்டூன்களின் தகப்பன் ரயில்வேயில் இருந்ததால், மூத்தவன் கோர்க்கிலும் இரண்டாமவன் கால்வேயிலும் பிறந்திருந்தார்கள். இரண்டு கட்சியும் அதை விழுங்கத் தயாராயிற்று.

மேவ் கானகன் பாவம், ஒரே இடத்தில் பிறந்தவள். அதுவும் இரண்டு கட்சிக்கும் உரியதல்லாத மேயோவில். போதாததற்கு உறையில் இருந்த ஆட்டின்மேல் ஒருவர் ஐயம் கிளப்பினார்.

"அந்த ஆடு ஐரிஷ் ஆடுதானா? எனக்கு அது ஸ்காட்லாந்து ஆடு மாதிரித் தெரிகிறது. ஸ்காட்லாந்து ஆட்டை ஐரிஷ் பட்டியலில் ஏற்ற முடியாது."

"ஆட்டைப் பற்றித் தெரிந்தவர் யார் இருக்கிறார்?" என்று தலைவர் சுற்றிப் பார்த்தார்.

வெரிபீ கழிவுநீர்ப் பண்ணையில் யோகேஸ்வரன் பொறியியலாளர். அங்கே கால்வாய்களின் ஓரம் ஆயிரக்கணக்கில் ஆடு மேயும். குழாய்களைத் தவிர அவர் எதையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆயினும் எழுந்து, உறையைக் கையில் வாங்கி, கண்ணுக்கு அருகில் ஒருமுறையும் தூரத்தில் ஒருமுறையும் வைத்துப் பார்த்து, "தொழில்முறையாகச் சொல்கிறேன், ஐரிஷ்," என்றார்.

கைதட்டினார்கள். விக்னராஜா மட்டும் தட்டவில்லை.

"ஐசே, ஆட்டைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?" என்று வீடு திரும்பும் ரயிலில் கேட்டார்.

"உமக்குக் கழுதையைப் பற்றித் தெரிஞ்ச அளவு."

இருந்தும் கணக்கு ‘கழுதைச் சந்தை’ பக்கமே சாய்ந்திருந்தது. வாக்கெடுப்புக்கு முந்திய வாரம் விக்னராஜா மகிழ்ச்சியின் உச்சத்தில் இருந்தார். ரயிலில் தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, மல்டூன் குடும்பக் கதை முழுவதையும் சொன்னார். "எல்லாரிலும் இளையவன் இருக்கிறானெல்லோ, பறை அடிக்கிறவன், அவன் பிறந்தது எங்கை தெரியுமோ? கப்பலிலை! தாய் டப்ளினிலை இருந்து லிவர்பூலுக்குப் போகேக்கை நடுக்கடலிலை பெத்துப்போட்டா. என்ன மாதிரிக் கதை பாரும்!"

"நல்ல கதை," என்றார் யோகேஸ்வரன். வேறு எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் சொன்னார். மிகுந்த தயக்கத்துடன், வாரியத்தின் நற்பெயர் கருதி மட்டும், பறையடிப்பவர் அயர்லாந்தில் பிறந்தவர் அல்ல என்பதைத் தெரியப்படுத்தினார்.

அப்படி ஒரு ஆனந்தம் அந்த மண்டபத்தில் அதற்கு முன் இருந்ததில்லை. மாலை வரை விவாதம் நடந்தது. குழந்தை பிறக்கத் தொடங்கிய இடமா கணக்கு, பிறந்து முடிந்த இடமா? தாய்க்கு வலி கண்டது துறைமுகத்தில் என்றால் வலி ஐரிஷ், குழந்தை என்ன? கப்பல் எந்தத் திசையைப் பார்த்து நின்றது? மிஸஸ் டூலன் எழுந்து, "நானும் தாய். எந்தப் பெண்ணும் பொறுமையோடு இருந்திருந்தால் கரைக்கு வந்து பெற்றிருக்கலாம்," என்றார். அதோடு மல்டூன்களின் கதை முடிந்தது. ‘ஈரக் கம்பளி’ வென்றது.

"உம்மட்டைத்தானே நான் ரயிலுக்கை சொன்னனான்," என்றார் விக்னராஜா. "பகிடியா எண்டு சொன்னனான் காணும்."

"வாரியத்திலை பகிடி ஏது விக்னா?" என்றார் யோகேஸ்வரன். நெஞ்சுக்குள் வெயில் அடித்தது.

அந்த வெயில் கூட்டம் கலையும்வரை நிற்கவில்லை. மிஸஸ் டூலன் வெள்ளைக் கையுறையும் ஒரு வெல்வெட் பையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"தட்டைத் திங்கட்கிழமைக்குள் கையளித்துவிடுங்கள்."

"எந்தத் தட்டை?"

"மேன்மை பெற்ற தட்டை. கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டுவோம்."

"பூட்டினால் எப்படி அம்மா கேட்பது?"

தலைவர் அன்போடு அவர் தோளில் கை வைத்தார். "ஊசி படும் ஒவ்வொரு தடவையும் தட்டு தேய்கிறது, நண்பரே. தேய்ந்த தட்டு, நாம் தேர்ந்தெடுத்த தட்டு அல்ல. சிறந்ததைச் சிறந்ததாகவே வைத்திருக்க ஒரே வழி, அதை ஒருவரும் கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான். மற்றத் தட்டுகளைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அவற்றை யாரும் போட்டுத் தேய்த்துக்கொள்ளட்டும்."

"வேறு பிரதி வாங்கி வைக்கலாமே?"

"அதைப் பதித்த நிறுவனம் மூடி நாளாயிற்று. உங்களிடம் இருப்பதைத் தவிர இந்த நாட்டில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. தர விருப்பமில்லை என்றால் கட்டாயமில்லை. மேன்மை அடுத்த தட்டுக்குப் போகும்."

அடுத்த தட்டு எது என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. அதன் சொந்தக்காரர் வாசலில், காதைத் தீட்டிக்கொண்டு, தொப்பியைத் தேடுவது போல நின்றுகொண்டிருந்தார்.

"மனப்பூர்வமாகத் தருகிறேன்," என்றார் யோகேஸ்வரன்.

சந்திரவதனா உறையைத் துடைத்து, தாளில் சுற்றி, கயிறும் கட்டித் தந்தாள். திருமணமாகி வந்த நாள் தொட்டு அவள் எந்தப் பொருளையும் அவ்வளவு பக்குவமாகக் கட்டித் தந்ததில்லை. "பாவம்," என்றாள். "கண்ணாடிப் பெட்டிக்கை மூச்சு முட்டப்போகுது அவளுக்கு."

அதற்குப் பிறகு யோகேஸ்வரன் சில சனிக்கிழமைகளில் போய்ப் பேழைக்கு முன்னால் நின்று பார்த்தார். மேவ் கானகன் பாறைமேல் இருந்தாள். ஆடும் இருந்தது. கண்ணாடியில் அவருடைய மூச்சுத்தான் புகையாகப் படிந்தது. மிஸஸ் டூலன் வந்து அதையும் துடைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் வேலிக்கு அப்பால் ‘கழுதைச் சந்தை’. பட்டியலில் இடம் கிடைக்காத தட்டு, வெட்கமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. விக்னராஜா தேநீர்க் கோப்பையோடு முற்றத்துக் கதிரையில் சாய்ந்து, காலால் தாளம் போட்டார். தோற்றவனுக்கு இவ்வளவு சுகமா என்று யோகேஸ்வரனுக்கு வயிறு எரிந்தது. அதைவிடக் கொடுமை, அந்தப் பறை நன்றாக இருந்தது. சமையலறையில் நிற்கும்போது தன் விரலும் மேசையில் தட்டுவதைக் கண்டு, கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு மறுபடி ஓர் இடம் திறந்தது. தலைவர் முன்மொழிவுகளைக் கேட்டார். யோகேஸ்வரன் எழுந்து, "‘கழுதைச் சந்தை’," என்றார்.

விக்னராஜா கதிரையோடு திரும்பிப் பார்த்தார்.

"சென்ற ஆண்டு ஒரு கப்பலைப் பற்றிப் பேசினோம்," என்று தொடங்கினார் யோகேஸ்வரன். "இங்கே இருக்கும் எல்லோரையும் கேட்கிறேன். உங்களில் யாருடைய பாட்டனார் கப்பலில் வராதவர்? கோர்க்கில் பிறந்தவன் கோர்க்குக்குச் சொந்தம். கால்வேயில் பிறந்தவன் கால்வேக்குச் சொந்தம். ஒரு கரையை விட்டு மறு கரைக்கு வந்து சேராத நேரத்தில் பிறந்தவன் யாருக்குச் சொந்தம்? உங்கள் எல்லோருக்கும். அவன் அடிக்கிற பறை, உங்கள் பாட்டிமார் கப்பலின் அடித்தளத்தில் கேட்ட சத்தம். அவனை ஐரிஷ்காரன் இல்லை என்றால், இந்த மண்டபத்தில் யார் ஐரிஷ்காரர்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே, தான் சொல்வது உண்மை என்பது அவருக்கு உறைத்தது. அது அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. உண்மையைச் செலவழிக்கும் நோக்கத்தோடு அவர் வரவில்லை.

பொருளாளர் அழுதார். உபதலைவர் ஆடவில்லை, ஆனால் எழுந்து நின்றார். இசை இல்லாமலே இந்த நிலை ஏற்பட்டதால் அது விதிகளுக்கு உட்பட்டது என்று தலைவர் தீர்ப்பளித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விக்னராஜா ஓடி வந்து யோகேஸ்வரனைக் கட்டிப்பிடித்தார்.

"மச்சான், உம்மைப் பற்றி நான் எத்தினை கதை கதைச்சுப்போட்டன். வெரிபீயிலை உம்மைப்போல மனிசன் கிடையாது!"

"சரி, சரி. திங்கட்கிழமைக்கை தட்டைக் குடுத்துப்போடும்," என்றார் யோகேஸ்வரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

விக்னராஜா ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிட்டார். செவ்வாய் மாலை யோகேஸ்வரன் முதல் தடவையாகச் சன்னலை அகலத் திறந்துவைத்து, வேலிக்கு அப்பாலிருந்து வரும் மௌனத்தை ரசிப்பதற்காக ஒரு கதிரையும் போட்டு உட்கார்ந்தார்.

பிடில் கேட்டது. குழல் கேட்டது. பறை கேட்டது.

எழுந்து வேலியடிக்குப் போனார். "விக்னா! தட்டைக் குடுத்திட்டன் எண்டீர்?"

"குடுத்திட்டன். இது கசெற். தட்டு வாங்கின மற்ற நாளே இதிலை ஏத்தி வைச்சிட்டன்," என்று விக்னராஜா ஒரு சின்னப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "உம்முடைய மூச்சுக்காரியை நீர் ஏத்தேல்லையோ? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் ஏத்தித் தந்திருப்பனே. இந்தக் கசெற்றிலை மற்றப் பக்கம் வெறுமையாத்தான் கிடக்குது."

அந்தச் சனிக்கிழமை, விக்னராஜா வராத கூட்டத்தில், யோகேஸ்வரன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, மேன்மை பெற்ற தட்டின் ஒலி கசெற்றில் இருந்தால், அதுவும் மேன்மை பெற்றதுதானா?"

தலைவரின் கண்கள் பளபளத்தன. பல ஆண்டுகள் தாங்கக்கூடிய ஒரு கேள்வி அது. "நம் வாரியத்தின் எதிர்காலம் இந்தக் கேள்வியில் இருக்கிறது," என்றார். அங்கேயே ‘ஒலிநாடா உபகுழு’ ஒன்று அமைக்கப்பட்டது. உபகுழுவுக்குத் தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. அதற்குத் தலைவர் யோகேஸ்வரன்.

மறுநாள் பின்னேரம் வேலிக்கு அப்பால் ‘கழுதைச் சந்தை’ வழக்கம்போல் தொடங்கியது.

"சன்னலைச் சாத்தட்டோப்பா?" என்று கேட்டாள் சந்திரவதனா.

"வேண்டாம். கிடக்கட்டும்," என்றார் யோகேஸ்வரன். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். விக்னராஜா கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண மனிதர். தானோ, அவர் கேட்பது கேட்கத் தக்கதா என்று தீர்மானிக்கப்போகிறவர். அந்த எண்ணம் வந்ததும் வயிற்றெரிச்சல் கரைந்து, அதன் இடத்தில் விக்னராஜாமேல் ஒரு பரிதாபம்கூட வந்தது.

நடுப்பாட்டில் அங்கே தொலைபேசி மணி அடித்தது, இசை சட்டென்று நின்றது. வேலிக்கு மேலே விக்னராஜாவின் தலை எழுந்தது. முகம் ஒருவிதமாகக் கறுத்திருந்தது.

"ஐசே, உமக்குத் தனி அறையாமே? கதவிலை பேர் போட்டிருக்காமே?"

"ஓம்."

"உபகுழுவிலை இன்னும் இடம் கிடக்குதோ?"

"ஒண்டு கிடக்குது," என்றார் யோகேஸ்வரன். "ஆனால் வீட்டிலை கசெற் வைச்சிருக்கிற ஆக்களை எடுக்கேலாது. பக்கச்சார்பு எண்டு சொல்லுவினம்."

விக்னராஜா உள்ளே போய்க் கசெற்றை எடுத்து வந்து, வேலிக்கு மேலால் நீட்டினார்.